எண்ண வேண்டாத வண்டிகள்

பல்கலைக்கழக விடுமுறைக்கு உக்குவளை வீட்டுக்கு வந்த மகள், தனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். ஏ ஒன்பது வீதியோரம் உட்கார்ந்து போகிற வருகிற வாகனங்களை எண்ண வேண்டுமாம்.

"எண்ணி?" என்று கேட்டார் என் கணவர்.

"மாத்தளை மாவட்டத்துல ஓடுற வண்டிகள்ல இருந்து வருஷத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளிய வருதுன்னு பாக்கப் போறோம் அப்பா."

"பாத்து?"

"எழுதி வைப்போம்."

கணவர் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றில் கணக்கெழுதுகிறவர். எழுதி வைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இருக்க முடியாது. வீதிதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம ரோட்டுல வண்டி ஓடலயா? இங்க உக்காந்து எண்ணேன்."

"இதையும் எண்ணுறாங்க அப்பா. அதுக்கு வேற ஆள். எனக்கு ஏ நைன் விழுந்திருக்கு."

போரின் கடைசி வருடங்கள் அவை. கண்டியில் தொடங்கி, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் வரை போகும் வீதி அது. அந்த நாட்களில் பொதுமக்களுக்கு அது பாதிவழியிலேயே முடிந்துவிட்டது. மற்றவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பச்சை நிற லொறிகளில் போனார்கள். அந்த வீதியோரத்தில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை, கையில் பேனாவோடு, கடந்து போகும் வண்டிகளைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்பது... நான் அந்த நினைப்பை எந்த நாளும் வாக்கியமாக முடித்ததில்லை.

ஓர் இடத்துக்கு இரண்டு பேர் என்பது ஏற்பாடு. மகளோடு வரவேண்டிய மாணவிக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. எனக்குப் பாடசாலை விடுமுறை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்த இரண்டாவது ஆளாக நான் போகிறேன் என்று சொன்னேன். மகள் தன் விரிவுரையாளரிடம் தொலைபேசியில் கேட்டாள். அவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். அம்மாவுக்கு எண்ணத் தெரியுமா என்று மட்டும் விசாரித்தாராம்.

பலாபத்வலயைத் தாண்டி, ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடை முன்னால் எங்களுக்கு இடம். நானா இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தந்தார். வேலை எளிமையானது. மகள் மடியில் ஓர் அட்டைப் பலகை, அதில் கிளிப் போட்ட தாள். மோட்டார் சைக்கிள், த்ரீவீலர், வான், கார், பஸ், லொறி, ட்ராக்டர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். வண்டி போனால் ஒரு கோடு. என் வேலை, தேநீர் குடிக்க நிறுத்தும் சாரதிகளிடம் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், ஒரு லீட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்பது. எத்தனை வண்டி, எவ்வளவு தூரம், எவ்வளவு எண்ணெய் என்று தெரிந்தால் எவ்வளவு வாயு என்பதைப் பெருக்கிப் பார்த்துவிடலாம். எண்ணெய் நிரப்பு நிலையத்தில் விற்ற டீசலை வைத்தே கணக்குப் போட முடியாதா என்று நான் மகளிடம் கேட்டேன். நாவுலப் பக்கம் பாதி டீசல் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குப் போகிறது, அது போக்குவரத்தில் சேராது என்றாள். நியாயம்தான்.

சாரதிகள் என் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. முதலில் என்னை ஒரு முறை பார்ப்பார்கள். பிறகு வீதியில் நிற்கும் தங்கள் வண்டியைப் பார்ப்பார்கள்.

"இது முதலாளிக்குப் போற கணக்கா, போகாத கணக்கா?" என்று நாவுலயிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் கேட்டார்.

"முதலாளிக்குப் போகாது."

"அப்ப ஏழு போடுங்க. போகும்னா அஞ்சு."

அதே மனிதர் நான் ஏழு என்று குறித்த பிறகும் போகவில்லை. இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டார். ஒரு லீட்டர் டீசலை எரித்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வரும், அதைக் கண்டுபிடிக்கத்தான் என்றேன். தேநீர்க் கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானா ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தினார்.

"டீச்சர், ஒரு லீட்டரே ஒரு கிலோ பாரம் ஈக்காதே. அது எப்பிடி ரெண்டரைக் கிலோ புகையாகும்?"

"காத்துல இருக்கிற ஒட்சிசனும் சேருது நானா. அந்தப் பாரம்தான்."

"காத்துக்குப் பாரமா?"

"இருக்கு."

"எந்தத் தராசுல நிறுத்தீங்க?" என்றார் லொறிக்காரர். "எனக்கு ஒண்ணு வேணும். கத்தரிக்காய்க்காரன் என்னைய அந்தத் தராசுல வச்சுத்தான் ஏமாத்துறான்."

என் பதினைந்து வருட விஞ்ஞானப் பாடத்தில் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. முதல் இரண்டு நாட்களும் இப்படித்தான் போயின. எனக்கு வேலை பிடித்துப்போயிருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒரு விடயம் மட்டும் இடைஞ்சலாக இருந்தது.

இராணுவ, பொலிஸ் வண்டிகளை எண்ணக் கூடாது என்று விரிவுரையாளர் பயிற்சியின்போதே சொல்லியிருந்தார். மகள் அவரிடம் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்: அதில் போகிற டீசலும் எரியும்தானே? எரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் வாயு வரும்தானே? வரும், ஆனால் எண்ண வேண்டாம். மகள் உட்கார்ந்துவிட்டாள். அதை எனக்குச் சொன்னபோது, "விஞ்ஞானப்படி இது பிழை அம்மா" என்றாள். விஞ்ஞானப்படி எது நடந்தது எங்கள் வாழ்நாளில் என்று நான் கேட்கவில்லை.

எண்ணக் கூடாது என்பது எனக்குப் போதவில்லை. எண்ணவில்லை என்பது பார்க்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆகவே ஒரு முறையை ஏற்படுத்தினேன். தூரத்தில் பச்சை லொறி தெரிந்தவுடன் நான் "ம்" என்பேன். மகள் பலகையை மடியில் குப்புறக் கவிழ்த்து, பேனாவை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைப்பாள். நாங்கள் இருவரும் வீதிக்கு முதுகைக் காட்டி, நானாவின் கடைக்குப் பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் கானைப் பார்ப்போம். கடைசி வண்டி போகும்வரை பார்ப்போம். கானில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு செருப்பு கிடந்தது. வண்டிகளின் சத்தம் முழுதாக அடங்கியதும் திரும்பி, பலகையை நிமிர்த்தி, அடுத்து வரும் த்ரீவீலருக்குக் கோடு போடுவோம்.

வீதிக்கு எதிர்ப்புறம் ஊர்காவல் படைக்காரர் ஒருவர் மணல் மூட்டைக் காவலரணில் நின்றிருந்தார். நாங்கள் செய்ததை அவர் இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அதை எப்படிச் சொல்லியிருந்தார் என்பது பிறகு பொலிஸ் நிலையத்தில் தெரிந்தது. இரண்டு தமிழ்ப் பெண்கள் வீதியோரம் உட்கார்ந்து எல்லா வண்டியையும் எழுதுகிறார்கள். எங்கள் வண்டி வந்தால் மட்டும் எழுதியதை மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறார்கள். ஒரு சொல் கூடக் கூட்டவில்லை. அப்படியேதான் நடந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு ஜீப் வந்து நின்றது. பொலிஸ் ஜீப்பென்பதால் நான் "ம்" என்றேன். மகள் பலகையைக் கவிழ்த்தாள். நாங்கள் கானைப் பார்த்தோம். ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் பின்னால் வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சின்ன விசாரணை என்று சொல்லி ஏறச் சொன்னார்கள். பெரிய விசாரணை என்று சொல்லி யாரையும் ஏற்றியதாக அந்த நாட்களில் நான் கேள்விப்பட்டதில்லை. போனவர்கள் எல்லோரும் சின்ன விசாரணைக்குத்தான் போனார்கள். சிலர் மாலையில் திரும்பினார்கள், சிலருடைய வீட்டார் இன்னும் முகாம் முகாமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானா கடையிலிருந்து ஓடி வந்தார். இவர் டீச்சர், இது கெம்பஸ் பிள்ளை, புகையைப் பற்றி எழுதுகிறார்கள் என்று சிங்களத்தில் மடமடவென்று சொன்னார். போய்த் தேநீர் ஊற்றச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ஜீப் கிளம்பும்வரை அங்கேயே நின்று, பிறகு என் கணவரின் கடைக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். பேச்சு எல்லாம் சிங்களத்தில். மாத்தளையில் பிறந்து வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் வரும். ஆனால் அது சந்தைச் சிங்களம். மீன் வாங்கலாம், பஸ்ஸில் சண்டை பிடிக்கலாம். மகளுடையது பல்கலைக்கழகச் சிங்களம். அது என்னுடையதைவிட நன்றாக இருந்ததும் அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அதிகாரி அடையாள அட்டை கேட்டார். நான் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தேன்.

இந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை எரிந்தபோது ஓடியவர்களில், ஆவணங்களை விட்டுவிட்டு ஓடியவர்கள் பிறகு பல வருடங்கள் தாங்கள் யாரென்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் ஓர் உறை உண்டு. வெகுநேரம் வெளியே இருக்க நேர்ந்தால் அது கூடவே வரும். நான் அதை மேசையில் வைத்துத் திறந்தேன். கேட்டது அடையாள அட்டை மட்டும்தான். ஆனால் கொடுக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வரவில்லை. இரண்டு பேருடைய அடையாள அட்டை, பொலிஸ் பதிவுச் சான்று, கிராம சேவகர் கடிதம், என் நியமனக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், எங்கள் விவாகப் பதிவு, கோயில் சுவாமியார் தந்த கடிதம், மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஞானஸ்நானச் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரோட்டுல வாகனம் எண்ண வந்தவங்களுக்கு இது எதுக்கு?"

"கேட்டா குடுக்கலாம்னு சேர்."

"யார் கேப்பாங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"எங்கயோ தூரம் போறதுக்கு ஆயத்தமா வந்த மாதிரி இருக்கு," என்றார்.

பிறகு மகளைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவை மூடினார்கள். ஒரு பெண் பொலிஸ் உள்ளே போனதைப் பார்த்தேன். அதை மனதில் பிடித்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் டெங்கு நுளம்பைப் பற்றிய சுவரொட்டி ஒன்று இருந்தது. பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்பது முதல் எல்லா அறிவுரைகளையும் வாசித்தேன். வீட்டில் இப்போது பூச்சாடிகள் இல்லை.

கதவு திறந்து மகள் வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருக்கவில்லை. முகத்தில் ஓர் எரிச்சல் இருந்தது. பாடத்தில் சந்தேகத்தைச் சரியாக விளக்காத ஆசிரியர் மேல் வரும் எரிச்சல்.

"அவங்க வண்டி எத்தனை போச்சுன்னு திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்க அம்மா. எண்ணலன்னு சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க."

விரிவுரையாளருக்கு அழைத்தார்கள். அவர் வகுப்பில் இருந்தார், எடுக்கவில்லை. அதிகாரி மறுபடியும் எங்களை மேசைக்கு அழைத்தார். இப்போது தாள்கள் அவர் முன்னால் விரித்திருந்தன. புகையை எப்படிக் கிலோவில் எழுதுகிறீர்கள், அதை விளக்குங்கள் பார்ப்போம் என்றார். பொய் என்றால் இதில் அகப்படும் என்று நினைத்திருப்பார். என் சந்தைச் சிங்களத்தில் காபன் அணுவைப் பற்றிச் சொல்ல முயன்றேன். நடுவில் மகள் எடுத்துக்கொண்டாள். தெளிவாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்கட ஜீப் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விடும்?" என்றார் அதிகாரி.

மகள் பேனாவை எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் சேர்? எந்தெந்தப் பக்கம் போகும்? மேட்டு ரோட்டுக்கு எண்ணெய் கூடப் போகும், அதுக்காகக் கேக்கிறேன்."

எந்தச் சந்தேகத்தின் பேரில் எங்களைக் கொண்டுவந்தார்களோ, அதை என் பிள்ளை பொறுப்பதிகாரியிடமே, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டுவிட்டாள். பதில் வந்தால் குறித்துக்கொள்ளத் தாளில் இடம் கூடத் தேடினாள்.

அதிகாரி மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவ எப்பவும் இப்படியா?"

"ஆமா சேர். சின்னதுலேர்ந்தே இப்படித்தான்."

அவர் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். போய் வாங்கில் உட்காருங்கள் என்றார் அதிகாரி. உட்கார்ந்தோம். நான் மகளின் கையிலிருந்து பேனாவை வாங்கி என் பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ எங்களுக்கு இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று தெரியாமல் நான் குடிக்கவில்லை. மகள் இரண்டையும் குடித்தாள்.

பிற்பகலில் விரிவுரையாளர் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் என் கணவர். வெளியே வீதியில் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, சட்டை முழுவதும் தூசி. விரிவுரையாளர் உள்ளே போய்ப் பேசினார். தாள்களைத் திருப்பித் தந்தார்கள். உறையில் இருந்ததை எல்லாம் அதிகாரியே அடுக்கித் தந்தார். அப்போது என்னிடம் சொன்னார்: "எண்ணுறதுன்னா எண்ணுங்க. ஆனா ஒழுங்கா உக்காருங்க. எல்லாரையும் போல."

மாத்தளையிலிருந்து உக்குவளை பஸ்ஸில் நான் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நாளைக்கு நீ போகல," என்றேன்.

"போகணும் அம்மா."

"விளையாடுறியா? அந்தப் புகை அப்படியே மேல போகட்டும். யாரும் நிறுத்துப் பாக்க வேணாம்."

"நாளைக்கு நம்ம அங்க இல்லன்னா அந்த ஊர்காவல் ஆள் என்ன நெனப்பான்? பிடிச்சதும் ஓடிட்டாங்க, அப்ப சரியாத்தான் பிடிச்சிருக்கோம்னு நெனப்பான். நம்ம பேரு அங்க எழுதியிருக்கு அம்மா. வீட்டு விலாசமும் இருக்கு."

முன் இருக்கையில் இருந்த கணவர் திரும்பவில்லை. அவர் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தே அவர் அதை ஒத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. உக்குவளையில் இறங்கும்போதுதான் அவர் கேட்டார்.

"எல்லாரையும் போலன்னா எப்படி?"

அதுதான் பிரச்சினை. உற்றுப் பார்த்தால் எண்ணுகிறோம். பார்க்காவிட்டால் மறைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் சாதாரணமாகப் பார்ப்பது என்று ஒன்று இருக்க வேண்டும். மற்றவர்கள் தினமும் அதைச் செய்கிறார்கள். எங்களுக்கு அது பழக்கமில்லை.

மறுநாள் காலை நானாவிடமே கேட்டேன்.

"நானா, ஆமி லொறி போகும்போது நீங்க எப்படிப் பாப்பீங்க?"

"நான் பாக்கிறனா?" என்றார். யோசித்தார். "தெரியல்லியே டீச்சர். வாற நேரம் பாத்துச் சொல்றேன்."

சிறிது நேரத்தில் ஒற்றை இராணுவ லொறியொன்று போனது. நானா கையில் குவளையோடு அதைப் பார்த்தார். லொறி போன திசையிலேயே கழுத்து போய், தேநீர் வாடிக்கையாளரின் மடியில் கொட்டியது.

"நீங்க கேட்டதிலேருந்து எனக்கும் ஒழுங்காப் பாக்க வருகுதில்ல," என்றார் கோபமாக. "இதையெல்லாம் ஒரு மனுசன்கிட்ட கேக்கிறதா?"

வாடிக்கையாளர் நாங்கள் முன்பு கண்ட கத்தரிக்காய் லொறிக்காரர். மடியைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், சும்மா மாடு பாக்கிற மாதிரிப் பாருங்க. மாட்டை எந்தப் பொலிசும் பிடிச்சதில்ல," என்றார்.

நடுப்பகலுக்கு முன் தூரத்தில் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, பெரிய தொடர். முன்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் மற்ற வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லிக்கொண்டே போனார். எதிர்ப்புறம் ஊர்காவல் படைக்காரர் வீதியைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து நின்றார். நான் "ம்" சொல்லவில்லை. மகள் பலகையை நிமிர்த்தியபடியே மடியில் வைத்து, பேனாவைத் தாள் மேல் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தாள். நாங்கள் வீதியைப் பார்த்தோம்.

நான் அதுவரை அவர்களை முகம் பார்க்கும் தூரத்தில் பார்த்ததில்லை. லொறியின் பின்னால் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். பலருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். ஒருவன் பக்கத்தவன் தோளில் தலை சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒருவன் கையில் பாதி தின்ற ஒரு பாண் துண்டு. ஒரு லொறியிலிருந்து யாரோ மகளைப் பார்த்துக் கை ஆட்டினான். மகள் முழங்காலிலிருந்து விரல்களை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள். எதிர்ப்புறம் நின்றவர் அதையும் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

கடைசி லொறி வளைவில் மறைந்தது. ஓரங்கட்டி நின்ற பஸ்கள் கிளம்பின. மகள் பேனாவை எடுத்து அவற்றுக்குக் கோடு போடத் தொடங்கினாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் எண்ணியிருக்கிறேன் என்று.

வேண்டுமென்று செய்யவில்லை. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியை பஸ் கதவருகே நின்று தலைகளை எண்ணுவாள், ஏறும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. அந்தப் பழக்கம் எங்கே நிறுத்த வேண்டும் என்று என்னைக் கேட்பதில்லை. லொறிகள் முழுவதையும் எண்ணிவிட்டேன். அந்தக் கணத்தில் பொலிஸ் நிலையத்திலிருந்து யாராவது வந்து எத்தனை போனது என்று கேட்டிருந்தால், நேற்று எங்களிடம் இல்லாத விடை இன்று என்னிடம் இருந்தது. மிச்சப் பொழுது முழுவதும் சாரதிகளிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகள் தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த வேலை முடிந்தது. ஒருவரும் எங்களை மறுபடி பிடிக்கவில்லை. பல மாதங்கள் கழித்து விரிவுரையாளரின் அறிக்கை வந்தது. மாத்தளை மாவட்டத்தின் வீதிகள் விடும் காபனீரொட்சைட்டுக்கு அதில் ஒரு தொகை இருக்கிறது. எங்கள் வீதிக்கான பக்கத்தை மகள் எனக்குக் காட்டினாள். அந்தத் தொகை உண்மையைவிடக் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஓரளவு எவ்வளவு குறைவு என்றும் தெரியும்.

அன்று எண்ணியதை மகளிடம் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. போர் முடிந்துவிட்டது. வீதி இப்போது யாழ்ப்பாணம் வரை திறந்திருக்கிறது. எங்கள் பாடசாலையிலிருந்து சுற்றுலா கூடப் போய் வந்தார்கள். எத்தனை லொறிகள் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதை இங்கே எழுதமாட்டேன்.